நகையும் மருட்கையும்: சுஜாதாவின் அறிவியல் புனைவு வாழ்வு

தோற்றுவாய்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார். அவற்றுள் முதலில் நிற்பது நகை. நான்காவதாக வருவது மருட்கை. பேதைமை, மடன், இளமை, எள்ளல் என்னும் நான்கும் நகைக்கு நிலைக்களன்கள் என்றார். சிறுமை, பெருமை, புதுமை, ஆக்கம் என்னும் நான்கும் மருட்கைக்கு நிலைக்களன்கள் என்றார். மிகச் சிறியதைக் கண்டும், மிகப் பெரியதைக் கண்டும், முன் காணாததைக் கண்டும், ஒன்று மற்றொன்றாய்த் திரிவதைக் கண்டும் மனம் மருளும் என்பது இதன் கருத்து. அணுவும் அண்டமும், புதிய கருவியும், உருமாறும் உயிரும் இந்நான்கினுள் அடங்கிவிடுகின்றன. அறிவியல் புனைகதை என்று இன்று நாம் வழங்கும் இலக்கிய வகை, பழந்தமிழ் இலக்கணத்தின்படி, மருட்கை என்னும் மெய்ப்பாட்டின்மேல் எழுந்த கட்டடமே.

மருட்கையும் நகையும் ஓரிடத்தில் கூடுவது அரிது. மருண்டவன் வாய் திறந்து நிற்பான். நகைப்பவன் தலை நிமிர்ந்து நிற்பான். இரண்டும் கூடிய இடங்கள் நம் மண்ணின் இலக்கியத்தில் உண்டு. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றால மலையின் வளத்தைக் குறத்தியின் வாயால் சொல்லும்போது, அருவி நீர் வானளவு எழுந்து சிதறுவதால் கதிரவனுடைய தேர்க் குதிரைகளுக்குக் கால் வழுக்குவதாகப் பாடினார். அருவியின் பெருமையால் மருட்கை பிறக்கிறது. விண்ணில் ஓடும் தேர் சேற்று வண்டியைப்போல் தடுமாறுவதால் நகை பிறக்கிறது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் அணித்தே வாழும் நமக்கு இது கைப்பாடம்.

இவ்விரு மெய்ப்பாடுகளையும் இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடையில் ஒருசேர ஆண்டவர் சுஜாதா என்னும் எஸ். ரங்கராஜன். அவருடைய வாழ்வையும், நகைச்சுவை கலந்த அறிவியல் புனைவுகளையும் வரலாற்று நோக்கில் அளந்து பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். நம் வட்டம் போன்ற இலக்கிய அமைப்புகள் பலவும் அவரை விரும்பிப் படித்தன. ஆயினும் மேடையில் பேசும்போது ஒதுக்கிவைத்தன. சிரிக்க வைப்பவர், வார இதழில் எழுதுபவர், இயந்திரங்களைப் பற்றி எழுதுபவர் என்னும் மூன்று காரணங்களும் அவ்வொதுக்கத்துக்குப் போதுமானவையாய் இருந்தன. அக்காரணங்கள் வலுவுடையனவா என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

முன்னோர் இட்ட வழி

சுஜாதாவுக்கு முன்பே தமிழில் இவ்வழி சிறிது வெட்டப்பட்டிருந்தது. பாரதியார் தம் ‘ஞானரதம்’ என்னும் உரைநடை நூலில் மனத்தையே ஊர்தியாக்கிப் பல உலகங்களுக்குச் சென்று மீண்டார். அதில் பொறியியல் இல்லை. ஆயினும் வேற்றுலகைக் காட்டி இவ்வுலகை எள்ளும் முறை உண்டு. 1918 முதல் 1920 வரை அவர் வாழ்ந்த கடையம் நமக்கு அண்டை ஊர் என்பதை நினைவு கூர்தல் தகும்.

நெல்லைக்கு உரிய புதுமைப்பித்தன் இன்னும் நெருங்கி வந்தார். மேரி ஷெல்லியின் ‘பிராங்கன்ஸ்டைன்’ கதையைப் ‘பிரேத மனிதன்’ என்று தமிழில் தந்தவர் அவரே. மனிதன் ஆக்கிய உயிர் மனிதனையே அச்சுறுத்தும் கதை அது. மறுபுறம், ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ என்னும் கதையில் கடவுளைச் சென்னைத் தெருவுக்கு இறக்கி, காப்பிக் கடைக்கு அழைத்துச் சென்று, வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தாதாரர் ஆக்கிவிட முயலும் ஒரு பிள்ளையைப் படைத்தார். முதலாவதில் மருட்கை, இரண்டாவதில் நகை. இரண்டும் அவரிடம் தனித்தனிக் கதைகளாக நின்றன. அவற்றை ஒரே கதைக்குள் கொண்டுவரும் பணி பின்வந்தவருக்கு எஞ்சியது.

பிற இடங்களிலும் அப்பணி நடந்து கொண்டிருந்தது. ‘ரோபாட்’ என்னும் சொல்லை உலகுக்குத் தந்த செக் நாட்டுக் காரல் சாபெக் நகைச்சுவையிலும் வல்லவர். போலந்தின் ஸ்தானிஸ்லாவ் லெம், கவிதை புனையும் இயந்திரம் ஒன்றைக் கற்பித்து, அதனால் கவிஞர்கள் படும் பாட்டைச் சிரிக்கச் சிரிக்க எழுதினார். இங்கிலாந்தில் டக்ளஸ் ஆடம்ஸ் 1978இல் வானொலித் தொடராகத் தொடங்கிய விண்வெளிக் கதையில், பேரறிவு படைத்தும் ஓயாமல் சலித்துக்கொள்ளும் இயந்திர மனிதன் ஒருவன் வருகிறான். வங்காளத்தில் பிரேமேந்திர மித்ராவின் கனாதாவும், சத்யஜித் ராயின் பேராசிரியர் ஷோங்குவும் சிரிப்போடு அறிவியலை வீட்டுக் கூடத்துக்கு அழைத்து வந்தனர். ஆங்காங்கே நடந்த இம்முயற்சிகளுக்குத் தமிழ் அளித்த விடையே சுஜாதா எனலாம்.

பிறப்பும் பயிற்சியும்

ரங்கராஜன் 1935ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் சென்னைத் திருவல்லிக்கேணியில் பிறந்தார். தந்தையார் பணி காரணமாக ஊர் ஊராக மாறியதால், பிள்ளை ஸ்ரீரங்கத்தில் பாட்டியின் வளர்ப்பில் வளர்ந்தார். கோயில் தெருக்களின் திண்ணைப் பேச்சும், ஆழ்வார் பாசுரங்களின் ஓசையும், பாட்டியின் கண்டிப்பும் அவர் காதில் முதலில் விழுந்தவை. அறிவியல் பின்னர் வந்தது. இவ்வரிசை முக்கியமானது, எத்தனை தொலைவுக்கு எதிர்காலத்துள் சென்றாலும் அவருடைய கதைசொல்லி ஸ்ரீரங்கத்துத் திண்ணையை விட்டு எழுந்ததில்லை.

ஸ்ரீரங்கத்து உயர்நிலைப் பள்ளிக்குப்பின், திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றார். அடுத்துச் சென்னைக் குரோம்பேட்டையிலுள்ள தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னணுப் பொறியியல் கற்றார். பின்னாளில் குடியரசுத் தலைவரான ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் இவ்விரு நிறுவனங்களிலும் ஏறத்தாழ அதே ஆண்டுகளில் பயின்றவர். ஒருவர் ஏவுகணை செய்யப் போனார். மற்றவர் வானூர்திகளுக்கு வழிகாட்டும் பணியில் சேர்ந்தார். மத்திய அரசின் விமானப் போக்குவரத்துத் துறையில் பணியாற்றித் தில்லியில் பல்லாண்டுகள் வாழ்ந்தபின், 1970 அளவில் பெங்களூரிலுள்ள பாரத் மின்னணு நிறுவனத்துக்கு ரங்கராஜன் மாறினார்.

எழுத்து அதற்குமுன்பே தொடங்கிவிட்டது. திருலோக சீதாராம் நடத்திய ‘சிவாஜி’ இதழில் 1953இல் அவருடைய முதல் கதை வெளியானது. 1962இல் குமுதத்தில் ‘இடது ஓரத்தில்’ வந்தது. அவ்விதழில் ரா.கி. ரங்கராஜன் முன்பே பெயர் பெற்றிருந்தமையால், குழப்பம் நேராதிருக்கத் தம் மனைவியின் பெயரைப் புனைபெயராகக் கொண்டார். 1968இல் ‘நைலான் கயிறு’ தொடர்கதையாக வந்தபோது தமிழகம் முழுவதும் சுஜாதா என்னும் பெயரை அறிந்தது. அதில் தோன்றிய வழக்கறிஞர் கணேஷும், பின்னர் அவனோடு சேர்ந்த வசந்தும் தமிழ் வாசகர் வீடுகளில் உறவினர் போல் ஆயினர். கணேஷ் அறிவுக்கும் வசந்த் நகைக்கும் உரியவர்கள். ஒன்று மற்றொன்றில்லாமல் நெடுந்தூரம் செல்லாது என்பதை அவ்விணையிலேயே ஆசிரியர் சொல்லிவிட்டார்.

ஓய்வுபெற்றவர் வீட்டுக்கு வந்த எதிர்காலம்

சுஜாதாவின் நகைச்சுவை அறிவியல் புனைவுகளில் முதலில் வைத்து எண்ணத்தக்கது ‘கடவுள் வந்திருந்தார்’ என்னும் நாடகம். அகில இந்திய வானொலியின் தமிழ்ச் செய்தி வாசிப்பாளராக நாடறிந்த பூர்ணம் விசுவநாதன் முதன்மை வேடமேற்று, தம் குழுவினரோடு மேடையேற்றிய நாடகம் அது.

சீனிவாசன் பணியிலிருந்து ஓய்வுபெறுகிறார். வீட்டில் அவருக்கு இருந்த மதிப்பும் அன்றே ஓய்வு பெற்றுவிடுகிறது. அறிவியல் கதை ஒன்றைப் படித்து முடிக்கும் தறுவாயில், எதிர்காலத்திலிருந்து ஜோ என்னும் ஒருவன் அவர்முன் வந்து நிற்கிறான். அவன் சீனிவாசன் கண்ணுக்கு மட்டுமே தெரிவான். அவர் அவனோடு பேசுவது பிறருக்குத் தனியே பிதற்றுவதாகப்படுகிறது. வீட்டார் அவருக்குப் பித்துப் பிடித்ததென்று முடிவு கட்டுகின்றனர்; வைத்தியமும் பேயோட்டமும் நடக்கின்றன. ஜோவின் ஆற்றலால் சில விந்தைகள் நிகழ்ந்ததும் அதே மனிதர் தெய்வமாகிவிடுகிறார். நேற்று அவரைக் கட்டிப் போட முயன்ற சுற்றம் இன்று காலில் விழுகிறது.

இந்நாடகத்தின் அமைப்பை நுணுகி நோக்கினால், தொல்காப்பியர் சொன்ன களன்கள் ஒவ்வொன்றாய்த் தெரியவரும். ஜோவின் வருகை புதுமை. அதனால் பிறப்பது மருட்கை. சுற்றத்தாரின் அறியாமை பேதைமை. சொன்னதைச் சொன்னபடி நம்புதல் மடன். அவற்றால் பிறப்பது நகை. புதுமைப்பித்தன் கடவுளை மனிதராக்கினார். சுஜாதா ஒரு மனிதரைக் கடவுளாக்கும் கூட்டத்தைக் காட்டினார். இரண்டு கதைகளும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கத்தக்கவை.

அறியாத ஒன்று வாசலில் வந்து நின்றால் நம் சமூகத்துக்கு இரண்டே எதிர்வினைகள் தெரியும்: பித்து என்று ஓட்டுதல், தெய்வம் என்று வணங்குதல். மூன்றாவதாக ஒன்று உண்டு. அருகில் அமர்த்தி, பேசிப் பார்த்து, அதன் இயல்பை அறிந்து, அதனோடு சேர்ந்து சிரித்தல். நாடகத்தில் அதைச் செய்பவர் சீனிவாசன் ஒருவரே. சுஜாதாவின் எழுத்து வாழ்வு முழுவதையும் இந்த மூன்றாம் வழியின் விரிவாகக் கொள்ளலாம்.

தீவும் நாயும்

எழுபதுகளில் வெளிவந்த ‘சொர்க்கத் தீவு’ நாவலில், கணிப்பொறி வல்லுநர் ஐயங்கார் ஒரு தீவுக்குக் கடத்திச் செல்லப்படுகிறார். அங்கே துன்பம் இல்லை, உணர்ச்சியும் இல்லை. அனைத்தையும் ஒரு கணிப்பொறி ஆள்கிறது. அது பழுதுபட்டதால் அதைச் செப்பனிடவே அவரைக் கொண்டு வந்திருக்கிறார்கள். கொடுங்கோன்மை உலகைப் பற்றி மேலை நாட்டார் எழுதிய நாவல்களின் சாயல் இதில் உண்டு. ஆயின் அவற்றில் இல்லாத ஒன்று, நடுத்தரக் குடும்பத்து ஐயங்கார் ஒருவரின் முணுமுணுப்பு. குறையற்ற உலகில் அவர் ஒருவரே குறை சொல்லத் தெரிந்தவர். அக்குறை சொல்லும் பழக்கமே அவரை மனிதராக வைத்திருக்கிறது.

‘திமலா’ என்னும் சிறுகதை அளவில் சிறியது; ஆற்றலில் பெரியது. நேரமே இல்லாத எதிர்காலத்தில் ஒரு தம்பதியர் யாத்திரைக்கு நேரம் ஒதுக்குகிறார்கள். திருமலை என்னும் சொல்லே தேய்ந்து திமலா ஆகிவிட்டது. வரிசையில் நிற்பது மட்டும் மாறவில்லை. மொழி எவ்வாறு தேயும் என்பதற்கு அக்கதையின் தலைப்பே சான்று; சொற்களையே தொழிலாகக் கொண்ட கவிஞர்களுக்கு அச்சிரிப்பினூடே ஒரு நடுக்கமும் தோன்றும்.

இவற்றுக்கெல்லாம் சிகரம் ‘என் இனிய இயந்திரா’. எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்து, பின்னர்த் தொலைக்காட்சித் தொடராகவும் ஆயிற்று. கதை நிகழ்வதாக ஆசிரியர் கற்பித்த 2020களில்தான் இன்று நாம் வாழ்ந்து கொண்டிருக்கிறோம். அந்நாட்டை ஜீவா ஆள்கிறான். குழந்தை பெறுவதற்கு அரசின் இசைவு வேண்டும். குடிமக்களுக்கு இரண்டெழுத்துப் பெயர்களே உண்டு: நிலா, சிபி, ரவி, மனோ. குழந்தைக்கு இசைவு கேட்கச் சென்ற சிபி காணாமற் போகிறான். தனித்து நிற்கும் நிலாவின் வீட்டில் குடிவரும் ரவியோடு ஓர் இயந்திர நாய் வருகிறது. அதன் பெயர் ஜீனோ.

ஜீனோவைப் படைத்தது தமிழ்ப் புனைகதையில் ஒரு நிகழ்ச்சி. அது படிக்கிறது, சிந்திக்கிறது, வாதாடுகிறது, வேடிக்கை பேசுகிறது. தன்னை வெறும் பொம்மை என்று இழிப்போரை எள்ளுகிறது. டக்ளஸ் ஆடம்ஸின் இயந்திர மனிதன் தன் அறிவின் மிகுதியால் சலிப்புற்றான். ஜீனோ தன் அறிவின் மிகுதியால் பரிவுற்றது. நிலா அழும்போது அதற்கு அழத் தெரியாது. ஆதலால் அது பேசுகிறது. அப்பேச்சின் நகைச்சுவையே அதன் அன்பு.

இந்நாவலில் மறைந்துள்ள எள்ளல் இன்னும் கூரியது. யாவரும் அஞ்சி வணங்கும் ஜீவா உடலும் உயிரும் உடைய மனிதனே அல்லன். ஒளியால் ஆக்கப்பட்ட தோற்றம். அவனைப் பின்னிருந்து இயக்குபவர் வேறு. இயந்திரமான நாய் உண்மையாய் நடந்துகொள்கிறது. ஆளும் மனிதன் போலியாய் நிற்கிறான். தொடர்ச்சியாக வந்த ‘மீண்டும் ஜீனோ’வில் நிலாவே அரியணை ஏற்றப்பட்டுப் பொம்மை அரசியாகிறாள். ஆட்சி மாறியும் ஆள்வோர் மாறவில்லை. திரைகளில் தோன்றும் உருவங்களைத் தலைவர்களாகக் கொண்டு பழகிய நாட்டில் இக்கதை வெளிவந்தது என்பதை அக்கால வாசகர் சிரித்துக்கொண்டே உணர்ந்திருப்பர்.

வாக்கை எண்ணும் கருவி

இயந்திரம் ஆளும் நாட்டைக் கற்பித்த அதே கை, மக்களாட்சிக்கு ஓர் இயந்திரத்தைச் செய்தும் தந்தது. பாரத் மின்னணு நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் பணியில் ரங்கராஜன் முன்னின்றார். அக்கருவி நாட்டில் வேரூன்றிய வரலாறு நெடியது. 1982இல் கேரளத்துப் பரவூர் சட்டமன்றத் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முறையாக இத்தகைய இயந்திரம் பயன்பட்டது. அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1988இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 1998இல் மூன்று மாநிலங்களின் 16 சட்டமன்றத் தொகுதிகளில் அது மீண்டும் வந்தது. 2004 மக்களவைத் தேர்தலில் எல்லாத் தொகுதிகளிலும் வாக்குச் சீட்டின் இடத்தை அது பெற்றது.

எதிர்த்தோரும் ஐயுற்றோரும் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். அவ்வழக்கின் உள்ளே புகுவது நம் பொருள் அன்று. இலக்கிய வரலாற்றுக்கு வேண்டுவது ஒன்றே: சுஜாதா இயந்திரத்தை அறிந்து எழுதினார். அதன் உறை கழற்றிக் கம்பிகளைத் தொட்டு எழுதினார். அறியாதவன் இயந்திரத்தைக் கண்டு அஞ்சுவான், அல்லது தொழுவான். அறிந்தவனுக்கே அதன் சிறுமையும் தெரியும், பெருமையும் தெரியும். அவனால்தான் சிரிக்க முடியும். சுஜாதாவின் நகை அறிவிலிருந்து பிறந்த நகை. வெறும் துணுக்கு எழுத்தாளர்களிடமிருந்து அவரை வேறுபடுத்துவது இதுவே.

திரைப்படத்திலும் இந்நகை தொடர்ந்தது. 1986இல் வந்த ‘விக்ரம்’ படத்தில், களவுபோன ஏவுகணையைத் தேடிச் சலாமியா என்னும் கற்பனை நாட்டுக்குக் கதை செல்கிறது. அந்நாட்டு மன்னர் பேசும் கற்பனை மொழியும், அதை மொழிபெயர்ப்பவர் படும் பாடும் நாம் மறக்க முடியாதவை. அவ்வேவுகணைக்கு அக்னிபுத்திரன் என்று பெயர். மூன்றாண்டுகள் கழித்து, 1989 மே மாதத்தில், இந்தியா உண்மையாகவே ‘அக்னி’ ஏவுகணையைச் செலுத்தியது. அத்திட்டத்தின் தலைவர் திருச்சியில் உடன் பயின்ற கலாம். புனைவும் மெய்யும் ஒன்றையொன்று பார்த்துப் புன்னகை செய்த இடம் அது. இறுதியாக அவர் பங்குகொண்ட ‘எந்திரன்’ அவர் மறைந்தபின் 2010இல் வெளிவந்தது.

கவிஞர்கள் கொள்ள வேண்டியவை

நம் வட்டத்தில் கவிஞர் மிகுதி. அவர்களுக்குச் சுஜாதாவிடம் கொள்ளத்தக்கவை மூன்று.

முதலாவது சுருக்கம். நகைக்கு நீளம் பகை. ஒரு சொல் மிகுந்தாலும் சிரிப்பு அவிந்துவிடும். சுஜாதா உரைநடையில் வினைச்சொல்லை விட்டார், எழுவாயை விட்டார், சில இடங்களில் வாக்கியத்தையே பாதியில் விட்டார். பொருளை மட்டும் விடவில்லை. ஒருவன் மாடிப்படி இறங்குவதைச் சொல்லும்போது எழுத்துகளையே படிபடியாக இறக்கி அச்சிடச் செய்தார். ஓவியக் கவியும் நாகபந்தமும் கண்ட மொழிக்கு இது முற்றும் புதிதன்று. ஆயினும் வார இதழ்ப் பக்கத்தில் அதைச் செய்தது துணிவு.

இரண்டாவது மரபறிவு. அவரைப் புதுமை மோகி என்று கருதுவோர் உளர். புறநானூற்றுக்கும் சிலப்பதிகாரத்துக்கும் எளிய அறிமுகங்கள் எழுதியவர் அவர். திருக்குறளுக்கு உரை கண்டவர். வெண்பாவின் தளைகளை விளையாட்டாய்க் கற்பித்தவர். ஜப்பானிய ஹைக்கூவைத் தமிழர்க்கு விளக்கி நூல் செய்தவர். பழமையை அறிந்தவன் எதிர்காலத்தைக் கற்பிக்கும்போது அக்கற்பனைக்கு எடை உண்டாகிறது. இரண்டெழுத்துப் பெயர்கள் ஆளும் உலகின் வறுமையை உணர, நீண்ட பெயர்களும் அடைமொழிகளும் நிறைந்த நம் இலக்கியத்தை அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது இளையோரை ஏற்றல். தில்லியில் கி. கஸ்தூரிரங்கன் 1965இல் தொடங்கிய ‘கணையாழி’யில் ஸ்ரீரங்கம் எஸ்.ஆர். என்னும் பெயரில் கடைசிப் பக்கத்தைப் பல்லாண்டுகள் எழுதினார். தாம் படித்த புதுக் கவிஞர்களைப் பெயர் சொல்லிப் பாராட்டுவதை அங்கும், பின்னர் ஆனந்த விகடனின் ‘கற்றதும் பெற்றதும்’ பகுதியிலும் வழக்கமாக்கினார். கவிஞர் நா. முத்துக்குமாரின் ‘தூர்’ கவிதையை அவர் ஒரு விழா மேடையில் வாசித்துப் பாராட்டியது தமிழ்க் கவியுலகம் அறிந்த செய்தி. இலட்சக்கணக்கான வாசகர் உடைய ஒருவர், நூற்றுக்கணக்கான வாசகரே உடைய கவிஞரை அழைத்து வந்து அறிமுகம் செய்வது எளிதில் காண முடியாத பண்பு.

அறிவியலைப் பரப்பும் பணியிலும் அவர் சளைக்கவில்லை. ஜூனியர் விகடனில் வந்த ‘ஏன், எதற்கு, எப்படி?’ என்னும் வினாவிடைப் பகுதியும், மூளையைப் பற்றிய ‘தலைமைச் செயலகம்’ நூலும் சிற்றூர்களின் பள்ளி மாணவரைச் சென்றடைந்தன. ஊடக வழி அறிவியல் பரப்பியமைக்காக 1993இல் மத்திய அரசு சார்ந்த அறிவியல் தொழில்நுட்பப் பரப்புரைக் குழுவின் தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. தமிழக அரசின் கலைமாமணிப் பட்டமும் பெற்றார். சாகித்திய அகாதெமியின் விருது இறுதிவரை அவருக்கு வரவில்லை.

குறைகள்

புகழ்ச்சி மட்டும் வரலாறு ஆகாது. வாரந்தோறும் எழுத வேண்டிய நெருக்கடியில் பல நாவல்களின் முடிவுகளை அவர் விரைந்து முடித்தார். முடிச்சு இறுகிய அளவுக்கு அவிழ்ப்பு அழகாக இல்லை. பெண்களை வருணிக்கும் சில பகுதிகளில் வார இதழின் அங்காடித் தேவை தெரிகிறது. மேலை நாட்டு அறிவியல் கதைகளின் கருவைத் தழுவிய இடங்களும் உண்டு. நகையில் தேர்ந்தவராதலின், துன்பம் ஆழமாக வேண்டிய இடத்திலும் ஒரு வேடிக்கையால் தப்பிச் சென்ற சந்தர்ப்பங்கள் உள. ‘சொர்க்கத் தீவு’ இன்னும் ஆழ்ந்திருக்கலாம். அதற்குரிய கரு அதில் இருந்தது.

எனினும் இக்குறைகள் தொடக்கத்தில் சொன்ன மூன்று ஒதுக்கக் காரணங்களினும் வேறானவை. வார இதழில் எழுதியது குறையன்று, விரைவே குறை. சிரிக்க வைத்தது குறையன்று. சிரிப்பால் சிலபோது ஒளிந்தது குறை. இயந்திரத்தைப் பற்றி எழுதியதோ குறையே அன்று; அது அவர் தமிழுக்குச் சேர்த்த நிலம். எழுத்தாளரை நடுநிலையோடு எடைபோடும் வட்டம், அவருடைய உண்மையான குறைகளைச் சொல்லும் உரிமையைப் பெற வேண்டுமானால், பொய்யான குறைகளை முதலில் கைவிட வேண்டும்.

முடிப்புரை

சுஜாதா 2008ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் சென்னையில் மறைந்தார். அவர் காணாத மாறுதல்கள் பல பின்னர் நிகழ்ந்துவிட்டன. கேட்டதற்கு விடை சொல்லும், கேட்டால் செய்யுளும் இயற்றும் கணினிச் செயலிகள் 2022ஆம் ஆண்டின் இறுதியில் பொதுமக்கள் கைக்கு வந்தன. லெம் விளையாட்டாகக் கற்பித்த கவிதை இயந்திரம் இன்று கைப்பேசியில் இருக்கிறது. கவிஞர்களிடையே இதைப் பற்றி எழும் பேச்சைக் கேட்டால், சீனிவாசன் வீட்டுச் சுற்றத்தாரே நினைவுக்கு வருகின்றனர். சிலர் பேயென்று ஓட்டச் சொல்கின்றனர். சிலர் கற்பூரம் ஏற்றச் சொல்கின்றனர்.

அச்சமும் மெய்ப்பாடு எட்டனுள் ஒன்றே. அதற்கும் இலக்கியத்தில் இடமுண்டு. ஆயினும் அச்சத்தில் நிற்பவனால் எதிரிலுள்ளதை உற்று நோக்க இயலாது. மருட்கை கண்ணை அகலத் திறக்கிறது. நகை, திறந்த கண்ணைத் தெளிவிக்கிறது. இவ்விரண்டையும் இணைத்துத் தந்தமையே சுஜாதாவின் கொடை. ஜீனோவுக்கு நிகரான ஒன்று நம் வீட்டுக்குள் நுழையும் நாளில், அது என்ன படித்திருக்கிறது, என்ன அறியவில்லை, யார் அதன்பின் நின்று இயக்குகிறார் என்று வினவும் துணிவைத் தமிழ் வாசகருக்கு முன்கூட்டியே பழக்கி வைத்தார் அவர்.

பத்தாண்டு நிறைவு செய்த நம் வட்டத்தின் அடுத்த பத்தாண்டுப் பாட்டியலில் அறிவியல் புனைவுக்கும் ஓர் இடம் ஒதுக்குதல் வேண்டும். திரிகூடராசப்பர் தம் காலத்து அறிவுக்கு எட்டிய வானத்தில் தேர்க் குதிரைகளை வழுக்கி விழச் செய்தார். நம் காலத்து வானத்தில் செயற்கைக் கோள்கள் சுற்றுகின்றன. அவற்றின் காலையும் வழுக்கச் செய்யும் அருவி நமக்கு அருகில்தான் இருக்கிறது. பாடுவோர் வர வேண்டும்.